யானைக் கதை படித்த சனிக்கிழமை

தலைமை ஏற்றிருக்கும் பல் மருத்துவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பெரியவர்களே, முன் வரிசையில் இருக்கும் மாஸ்டரின் துணைவியார், எங்கள் அண்ணி அவர்களே, எங்கள் சனிக்கிழமைக் கதை வட்டத்து நண்பர்களே, மாஸ்டர் செய்து கொடுத்த பற்களோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அன்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்டீர்கள். மூட வேண்டாம். தான் செய்த பல்லைப் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தால் தனக்கே அடையாளம் தெரியாது என்று மாஸ்டர் பெருமையாகச் சொல்வார். எனக்கு எப்படித் தெரியப் போகிறது?

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். விசில் வாத்தியார் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு ஊத விசில் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளக் கதை வட்டத்துக்குச் செயலாளர் ஆனேன். பன்னிரண்டு வருடமாக மினிட்ஸ் நோட்டு என் கையில்தான் இருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அழுகை வரவில்லை. மாஸ்டர் போய் இன்றோடு ஒன்பது நாள். நாற்காலிக்குச் சொன்னேன், மைக்குக்குச் சொன்னேன், அச்சகத்துக்குப் போய் நோட்டீஸில் பிழை திருத்தினேன். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. உள்ளே மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்கும் முன்னால் ஒரு ஊசி போடுவார்களே, அதை எனக்கு உடம்பு முழுக்கப் போட்டது போல இருக்கிறது. கன்னத்தைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது. ஆகவே என் குரல் தழுதழுக்கவில்லையே என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

நம்மை விட்டுப் போனவர் யார்? படித்த பண்டிதரா? இல்லை. காவி கட்டியவரா? இல்லை. டாக்டர் ஐயாவின் மருத்துவமனைக்குப் பின்பக்கம், தன் வீட்டை ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறையில், நாற்பது வருடம் உட்கார்ந்து பல்செட் செய்தவர். அந்த அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவரெல்லாம் பலகை, பலகையெல்லாம் பிளாஸ்டர் சுண்ணமாவில் வார்த்த தாடைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. ஓரத்தில் பாலீஷ் போடுகிற மோட்டார். நடுவில் எங்கள் எட்டு நாற்காலிகள். எங்கே தொட்டாலும் வெள்ளைப் பொடி ஒட்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த அறையில்தான் நாங்கள் புராணம் படிப்போம்.

புராணம் படிக்க எத்தனையோ இடம் இருக்கிறது, எங்கள் இடத்தில் என்ன விசேஷம்? ஒரே ஒரு கேள்விதான் விசேஷம். கதை முடிந்ததும் மாஸ்டர் கேட்பார்: "இதை இந்த வாரம் எங்கே பாத்தீங்க?" அவ்வளவுதான். தத்துவம் கேட்க மாட்டார், உட்பொருள் கேட்க மாட்டார். இந்த வாரம், உன் கண்ணால், எங்கே பார்த்தாய்? ஒருவரும் பார்க்கவில்லை என்றால் அடுத்த வாரமும் அதே கதை. ஒரு கதையில் நாங்கள் ஏழு வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தோம். எட்டாவது வாரம் எங்கள் வட்டத்துத் தையல்காரர் எதையாவது பார்த்துத் தொலைக்க வேண்டுமே என்று தெருத் தெருவாக அலைந்தார்!

ஒரு சனிக்கிழமை, கடத்திக்கொண்டு போகப்பட்ட பெண்ணுக்காகச் சண்டை போட்டுச் சிறகு இழந்த கிழக்கழுகின் கதை. எங்கே பார்த்தீர்கள் என்றதும் எங்கள் வட்டத்துத் தபால்காரர் மெதுவாகச் சொன்னார். பேருந்தில் ஒரு பெண்ணிடம் ஒருவன் வம்பு செய்திருக்கிறான். ஊன்றுகோலோடு ஒரு முதியவர் எழுந்து தடுத்திருக்கிறார். அவன் தள்ளிவிட்டான், முதியவர் படியில் விழுந்தார், அவன் இறங்கிப் போய்விட்டான். "கழுகு தோத்துப் போச்சு மாஸ்டர்" என்றார் தபால்காரர்.

மாஸ்டர் என்ன கேட்டார் தெரியுமா? "தோத்துதா? கடைசி வரைக்கும் உயிரைப் பிடிச்சு வச்சிருந்து, யார் தூக்கிட்டுப் போனான், எந்தப் பக்கம் போனான்னு சொல்லிட்டுத்தானே கண்ணை மூடுச்சு? அதுதானே அதோட வேலை? நீங்க பாத்ததை யார்கிட்ட சொன்னீங்க?"

திங்கட்கிழமை காலையில் தபால்காரரும் மாஸ்டரும் காவல் நிலையத்து பெஞ்சில் அரை நாள் உட்கார்ந்து சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு டாக்டர் ஐயாவிடம் மாஸ்டருக்கு நல்ல வசவு. ஒரு நோயாளி பல் இல்லாமல் கல்யாணத்துக்குப் போக வேண்டியதாகிவிட்டது. டாக்டர் ஐயா சிரிக்கிறார். அன்றைக்குச் சிரிக்கவில்லை!

விருந்தாளிக்குக் கொடுக்கும் முன்னால் ஒவ்வொரு பழத்தையும் கடித்து ருசி பார்த்த கிழவியின் கதை அவருக்கு உயிர். நாங்கள் பக்தி, அன்பு என்று உருகிக்கொண்டிருந்தபோது அவர் கவலைப்பட்டது வேறு. "எல்லாப் பழத்தையும் கடிச்சிருக்கா. அந்த வயசுல அத்தனை பல்லும் கெட்டியா இருந்திருக்கு பாருங்க!" என்றார். பத்து நிமிடம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். இடது முன்கையில் வரிசையாகச் சின்னச் சின்னத் தடங்கள். ஒவ்வொரு பல்செட்டையும் வாய்க்கு அனுப்பும் முன்னால் தன் கையில் அழுத்திப் பார்ப்பாராம். "இனிக்குதான்னு பாக்கிறது அவ வேலை. குத்துதான்னு பாக்கிறது என் வேலை." இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் வலியில்லாமல் மென்று தின்கிறீர்கள்! அந்த வலியை முதலில் பார்த்தது அந்தக் கை. அவரை நாங்கள் கடைசியாக அனுப்பியபோதும் தடம் இருந்தது. நான் பார்த்தேன்.

பண்டிகை வந்தால் வட்டத்துக்கு விடுமுறை கிடையாது. வேலை கூடும். "சாமி வீட்டுக்கு வர்ற நாள்னு சொல்றோம். வீட்டுலயே இல்லாதவங்க வீட்டுக்கு எப்படி வரும்?" என்பார். பண்டிகை நாளில் யாருக்கெல்லாம் லீவு இல்லையோ அவர்களைத் தேடிப் போவோம். தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஒருவர், மருத்துவமனை வாசலில் ஒருவர், ரயில்வே கேட்டில் ஒருவர். போய் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். கேட்காரர் எங்களைப் பார்த்து, "எதுக்கு வந்திருக்கீங்க, ஏதாச்சும் கையெழுத்து போடணுமா?" என்று பயந்துபோனதும் மினிட்ஸில் இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு நாங்கள் ஒரு பட்டம் கொடுத்தோம். ஏற்பாடு நான்தான். 'புராணப் பேரொளி' என்று பித்தளைத் தகட்டில் பொறித்துக் கையில் கொடுத்தோம். அடுத்த சனிக்கிழமை போனால், புராணப் பேரொளியின் மேல் சுண்ணமா குழைத்துக்கொண்டிருக்கிறார்! "நல்ல வழவழப்பு வாத்தியாரே, ஒட்டவே மாட்டேங்குது" என்றார். புராணப் பேரொளி மாஸ்டர் அவர்களே, உங்களுக்கு எந்தப் பட்டமும் ஒட்டவில்லை.

எனக்கு முன்னால் பேசியவர்கள் இன்னொரு பட்டத்தை ஒட்டினார்கள். தியானத்திலேயே போய்ச் சேர்ந்த ஞானி என்றார்கள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இப்படி ஒரு சாவு என்றார்கள். கடவுள் கதையைக் காதால் கேட்டு, கண்ணை மூடி, அப்படியே கலந்துவிட்டார் என்று ஒரு பெரியவர் சொன்னபோது இந்த மண்டபம் உச்சுக்கொட்டியது. நோட்டீஸிலும் 'தியான நிலையில் இறைவனடி சேர்ந்தார்' என்றுதான் இருக்கிறது. அந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஆனால் அது பொய்.

சபையோர்களே, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் மௌனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கதை முடிந்த கையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவோம். தையல்காரர் பிரசங்கமே வைத்துவிடுவார். மாஸ்டர் ஒருநாள், "ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிச்சுட்டுப் பேசலாமே" என்றார். வீட்டில் நாம் சொல்வோமே, அந்த மாதிரி ஒரு நிமிஷம். நான் என்ன செய்தேன்? விதியாக்கினேன். 'மாஸ்டர் கண் திறக்கும் வரை எவரும் பேசலாகாது' என்று மினிட்ஸில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்தும் வாங்கினேன். அவர் சிரித்தார். "வாத்தியாரே, நான் ஒரு நிமிஷம்னேன். நீங்க அதைச் சுத்தி மதில் கட்டிட்டீங்க" என்றார்.

அந்த மதிலைப் பன்னிரண்டு வருடம் காவல் காத்தேன். ஒவ்வொரு வாரமும் மௌனம் எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறித்தேன். மூன்று, நான்கு, ஆறு. ஒருமுறை அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார். லேசான குறட்டை. எட்டு நிமிடம் அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். விழித்ததும் அவருக்கே வெட்கம். "எழுப்பக் கூடாதா ஐயா!" என்றார். விதி இருக்கிறதே, எப்படி எழுப்புவது என்றேன். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை. நாலு மணி. லாரி ஓட்டுகிற தம்பி படித்தார். முதலை காலைக் கவ்விக்கொள்ள, தும்பிக்கையைத் தூக்கிக் கூப்பிட்ட யானையின் கதை. படித்து முடித்ததும் மாஸ்டர், வழக்கத்துக்கு மாறாக, கண் மூடும் முன்னால் ஒரு வார்த்தை சொன்னார். "எல்லாரும் யானை கூப்பிட்டதையே பேசறோம். பெருமாள் வந்த விதத்தைப் பாருங்க. மேல்துண்டு சரியா இருக்கான்னு பாக்கல, யார்கிட்டயும் சொல்லிக்கல, எந்திரிச்சாரு, ஓடியாந்தாரு. இந்த வாரம் அப்படி யார் ஓடினாங்க?" கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். நாங்களும் மூடினோம்.

மூன்று நிமிடம் இருக்கும். எங்கள் வட்டத்து மருந்துக்கடை அக்கா, "வாத்தியாரே, மாஸ்டர் கை..." என்று ஆரம்பித்தார். நான் கண்ணைத் திறந்தேன். மாஸ்டரின் வலது கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து நழுவிக் கீழே தொங்கியது. தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்து விரலை வாயில் வைத்தேன். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை அடக்கிய விரல். அக்கா பாதி எழுந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைய மௌனம் பதினொரு நிமிடம். நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குறித்திருக்கிறேன். அவர் முகத்தை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அண்ணிதான் டீ கொண்டு வந்தார்கள். வாசலில் நின்று ஒரே பார்வை. தட்டைத் தரையில் வைத்தார்கள். "இவர் தூங்கல" என்றார்கள்.

பிறகு நான் எல்லாம் செய்தேன். கீழே கிடத்தினேன், மார்பை அழுத்தினேன், எண்ணினேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு முதலுதவி வகுப்பு எடுத்தவன் நான். மூச்சு பேச்சு இல்லையென்றால் முதல் நாலு நிமிடம் எவ்வளவு முக்கியம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டரிடம் கேட்டேன், முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாது சார்" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றுதான் சொன்னார்.

ஓடிவந்த கடவுளின் கதையைக் கேட்டுவிட்டு, ஏழு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்! இதையா தியானம் என்பது? இதையா கொடுத்துவைத்த சாவு என்பது? இன்னும் பத்து வருடம் போனால் இது ஒரு கதையாகிவிடும். புராணம் கேட்டபடியே முக்தி அடைந்த மாஸ்டர் கதை. அதையும் யாரோ படித்துக் கண் மூடுவார்கள். நான் விடமாட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொல் என்று அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொரு பேச்சும் என் காதுக்கு வந்தது. மருந்துக்கடையில் இருக்கிறவருக்கு ஒரு ஆள் மூச்சு நின்றது தெரியாதா என்று யாரோ கேட்டார்களாம். அக்கா எட்டு நாளாகக் கடை திறக்கவில்லை. இதோ கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது. ஏழு பேரில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அவர் எழுந்தார், வாயைத் திறந்தார். அதை மூடியவன் நான். இந்தப் பழியில் அக்காவுக்கு ஒரு துளியும் பங்கில்லை.

ஐந்தாம் நாள் அண்ணியிடம் போய் இதைச் சொன்னேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் சட்டைகள். மடிப்பதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் வாத்தியாரே. நான் உள்ள வர்றப்ப உங்க விரல் இன்னும் வாய் மேலதான் இருந்துச்சு" என்றார்கள்.

அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். வட்டத்தைக் கலைத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றேன். அப்போதுதான் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார்கள். "கலைச்சுட்டு? சனிக்கிழமை நாலு மணிக்கு அந்த ரூம்ல நான் மட்டும் உக்காந்து பல்லைப் பாத்துட்டிருக்கவா? வாங்க. எல்லாரும் வாங்க. ஆனா சத்தமா இருங்க. உள்ள சத்தம் இல்லேன்னா இனிமே எனக்கு அடுப்படியில நிக்க முடியாது." மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

ஆகவே சபையோர்களே, இந்தச் சபையின் முன் ஒரு உறுதி சொல்கிறேன். சனிக்கிழமை கதை வட்டம் நடக்கும். அந்த அறையிலேயே நடக்கும். அந்த விதியை அடித்துவிட்டேன், மினிட்ஸில் என் கையாலேயே அடித்தேன். கதையின் நடுவில் யாருக்கு என்ன தோன்றினாலும் சொல்லலாம். தும்மலாம், எழுந்து போகலாம், தையல்காரர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிரசங்கம் செய்யலாம். அதே யானைக் கதையில் நாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம். இந்த வாரம் யார் ஓடினார்கள் என்று அவர் கேட்ட கேள்விக்கு எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. பதில் கிடைக்கும் வரை வேறு கதை எடுக்க மாட்டோம். எத்தனை வருடம் ஆனாலும் சரி!

மாஸ்டர் பெயருக்கு வேறு பெருமை எதையும் நான் சேர்க்கப் போவதில்லை. நல்ல பல் செய்தார். நல்ல கேள்வி கேட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அவரை நாங்கள் விட்டுவிட்டோம்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக, எல்லோரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று இருக்கிறது. தலைவர் ஐயா, என்னை மன்னிக்க வேண்டும். அதை நான் அறிவிக்க மாட்டேன். என் வாயால் இன்னொரு முறை யாரையும் பேசாமல் இருக்கச் சொல்ல மாட்டேன்.

அந்த இரண்டு நிமிடத்தை நான் மருந்துக்கடை அக்காவுக்குக் கொடுக்கிறேன். அக்கா, எழுந்து வாங்க. கொஞ்சம் வழி விடுங்கள் ஐயா, அவர் வரட்டும். அன்றைக்குப் பாதியில் நிறுத்தினீர்களே, அதை முழுசாகச் சொல்லுங்கள். எல்லோரும் கேட்கிறோம். மைக் இதோ இருக்கிறது. நான் இறங்கிக்கொள்கிறேன்.